ரேழிக்கு இறங்கிய கம்ப்யூட்டர்: ஒரு கிராஃபிக்ஸ் கார்டு சூட்டின் நிகழ்வு ஆய்வு

சென்ற ஆண்டு கத்திரி தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. கல்யாண வீடியோ எடிட் செய்யும் தம்பி ஒருவர், வடுவூர்ப் பக்கத்து கிராமம் ஒன்றிலிருந்து கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு மன்னார்குடியில் இருக்கும் என் சர்வீஸ் கடைக்கு வந்தார்.

"அண்ணே, ரெண்டர் போட்டா முக்கா மணி நேரத்துல ஸ்கிரீன் கருப்பாயிடுது. உள்ள ஃபேன் மட்டும் பேய் மாதிரி கத்துது. பட்டனை அழுத்திப் பிடிச்சு ஆஃப் பண்ணாத்தான் அடங்குது."

ரெண்டர் என்பது எடிட் செய்ததை எல்லாம் கடைசியில் ஒரே வீடியோவாக உருவாக்கும் வேலை. மார்கழியிலும் தையிலும் இந்தப் பிரச்சினை இல்லை. பங்குனிக் கடைசியில் எப்போதாவது வந்தது. சித்திரையில் தினமும் வர ஆரம்பித்தது. வேறொரு இடத்தில் காட்டியதற்கு, கிராஃபிக்ஸ் கார்டு (திரைப் படத்தையும் ரெண்டரையும் கவனிக்கும் அட்டை) போய்விட்டது, புதிதாக மாற்றுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். கையில் ஏழு கல்யாணம் பாக்கி. வைகாசி முகூர்த்தங்களுக்குள் கொடுத்தாக வேண்டும்.

இந்த ஒரு வேலையை விரிவாக எழுதக் காரணம் உண்டு. முதல் தடவை நான் செய்தது பாதி வேலைதான். மீதிப் பாதி அவர் வீட்டில் இருந்தது. நம் பக்கம் கோடையில் வரும் கிராஃபிக்ஸ் கார்டு புகார்களைக் கடை மேஜையில் வைத்தே தீர்த்துவிடலாம் என்று அதுவரை நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

கடையில் செய்தது

ரைசன் 5 3600 பிராசசர், 16 ஜிபி ரேம், 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். (மற்ற பாகங்களுக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி). கார்டு, ரெண்டு ஃபேன் வைத்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060. இந்த 3060 சந்தைக்கு வந்தது 2021 பிப்ரவரியில். முழு வேலையில் அது இழுக்கும் மின்சாரத்தின் கணக்கு 170 வாட். சிப் தாங்கக்கூடிய உச்சம் 93 டிகிரி என்று என்விடியா குறித்திருக்கிறது. கேபினெட்டின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதற்குப் பின்னால் வண்ண விளக்கோடு ரெண்டு ஃபேன். கண்ணாடியின் ஓரத்தில் ஒரு விரல்கூட நுழையாத இடுக்கு. காற்று அந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

கார்டைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தேன். ஃபேனுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு மெத்தை. ட்வீசரால் ஒரு மூலையைப் பிடித்து இழுத்ததும் சாக்குத் துண்டு மாதிரி ஒரே பாளமாக உரிந்து வந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் வெறும் வீட்டுத் தூசியாகத் தெரியவில்லை. மஞ்சளாக, ஊசி ஊசியாக, நெல் சுணை. விரலில் பட்டதும் அரித்தது.

"பக்கத்துல கொள்முதல் நிலையம் இருக்கா தம்பி?"

"வீட்டுலேர்ந்து இருநூறு அடிதாண்ணே. தை, மாசி, பங்குனி மூணு மாசமும் அங்கதான் நெல்லு தூத்துவாங்க."

சம்பா அறுவடையில் பறக்கும் பதரும் சுணையும் மூன்று மாதம் கார்டில் படிந்திருக்கிறது. படியும்போது வெளியே குளிர்ச்சி, அதனால் யாருக்கும் தெரியவில்லை. அடைப்பு முழுதாகிற நேரத்தில் வெயிலும் வந்து சேர்ந்துவிட்டது. டெல்டாவில் கார்டுகள் சித்திரையில் படுப்பதற்குப் பாதிக் காரணம் தை மாதத்தில் இருக்கிறது.

தூசி போர்வை மாதிரி மூடிக்கொள்வதால் சூடு ஏறுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய கேடு, தகடுகளுக்கு நடுவே காற்று ஓட வழி அடைபடுவதுதான். சிப்பில் பிறக்கும் சூடு பேஸ்ட் (சிப்புக்கும் தட்டுக்கும் நடுவே தடவும் பசை) வழியாகச் செம்புத் தட்டுக்கும், அங்கிருந்து செம்புக் குழாய்கள் வழியாகத் தகடுகளுக்கும் போகிறது. அந்தக் குழாய்களுக்குள் கொஞ்சம் தண்ணீர் இருக்கும். சூடான முனையில் ஆவியாகி, ஆறிய முனையில் நீராகி, திரும்பி வரும். இட்லிப் பானை மூடியில் ஆவி முத்து முத்தாகக் கோத்துக்கொண்டு சொட்டுகிற அதே வேலைதான். ஆனால் தகட்டிலிருந்து சூட்டை எடுத்துப் போக ஓடும் காற்று இல்லையென்றால், முன்னே நடந்த எல்லாம் வீண்.

ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டேன். அதைச் சுற்ற விட்டால் தன் வேகத்தை மீறிச் சுற்றி பேரிங் கெட்டுவிடும். பழைய பேஸ்ட் சிப்பின் நடுவில் ஈரமில்லாமல் காய்ந்து, ஓரத்துக்குப் பிதுங்கியிருந்தது. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ரெண்டு உலோகமும் விரிந்து சுருங்கும்போது பேஸ்ட் மெல்ல மெல்ல வெளியே தள்ளப்படும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்துப் புதிது வைத்தேன். நாலு ஸ்க்ரூவையும் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். மெமரி மேல் சூட்டைக் கடத்த ஒட்டியிருக்கும் மெத்தைத் துண்டுகளான பேட்கள் கிழியாமல் நன்றாக இருந்தன, அவற்றைத் தொடவில்லை. பேட் மாற்றுகிறவர்கள் தடிமனை அளக்காமல் மாற்றக் கூடாது. அரை மில்லிமீட்டர் கூடிவிட்டாலே ஹீட்சிங்க் (செம்புத் தட்டும் தகடுகளும் சேர்ந்த பாகம்) சிப்பின் மேல் சரியாக உட்காராது.

என் கடைக்குள் அன்று 31 டிகிரி. சுத்தம் செய்வதற்கு முன் முழு லோடில், அதாவது முழு வேலை கொடுத்தபோது, கார்டு 89 தொட்டது. செய்த பிறகு 74. எனக்கும் திருப்தி, அவருக்கும் திருப்தி.

ஒன்பதாம் நாள் போன் வந்தது. "அண்ணே, திரும்பவும் கருப்பாயிடுச்சு."

வீட்டில் பார்த்தது

இந்த முறை கம்ப்யூட்டரைக் கொண்டுவரச் சொல்லவில்லை. மதியம் மூன்று மணிக்கு, அவர் வேலை செய்கிற நேரத்திலேயே, நான் போனேன்.

பழைய ஓட்டு வீடு. 2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயலில் முன்பக்கத்து ஓடுகள் போய்விட்டன. அதற்குப் பிறகு முன்பாதிக்கு மட்டும் காங்கிரீட் போட்டு, மேலே பத்துக்குப் பத்தில் ஓர் அறை எடுத்திருக்கிறார்கள். எடிட்டிங் அறை அதுதான். மேற்குச் சுவர், மேலே நேர் வெயில் காயும் தளம். சுணைக்கும் கொசுவுக்கும் பயந்து ஜன்னல் சாத்தியிருந்தது. கம்ப்யூட்டர் டேபிளுக்குள், கதவு போட்ட அறைக்குள் கேபினெட். பின்னால் பிளைவுட் பலகை. கேபினெட்டுக்கும் பலகைக்கும் நடுவே ரெண்டு அங்குலம்.

ரெண்டு தெர்மாமீட்டர் கொண்டு போயிருந்தேன். ஒன்றை அறையின் நடுவில் தொங்கவிட்டேன். இன்னொன்றின் கம்பியை கேபினெட்டுக்குள் கார்டின் ஃபேனுக்குக் கீழே வைத்தேன். அவருடைய கல்யாண ப்ராஜெக்ட் ஒன்றையே ரெண்டருக்குப் போடச் சொன்னேன். அரை மணி நேரத்தில் அறை 38 டிகிரி. கார்டு இழுக்கும் காற்று 47.

கடையில் 31 டிகிரிக் காற்றைக் குடித்து கார்டு 74-இல் நின்றது. அதாவது குடிக்கும் காற்றைவிட 43 டிகிரி மேலே. ஃபேன் வேகமும் வாட்டும் மாறாதவரை இந்த 43 பெரிதாக மாறாது. அந்த 43-ஐ 47-உடன் கூட்டினால் 90. திரையில் 89 ஓடிக்கொண்டிருந்தது. கார்டில் பழுது எதுவும் இல்லை. கொடுத்த காற்றுக்குத் தகுந்த சூட்டை அது காட்டிக்கொண்டிருந்தது.

பொதுவாக இந்தக் கார்டு 83 டிகிரிவாக்கில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இங்கே குறைக்கவில்லை. விசாரித்ததில், ரெண்டர் மெதுவாகிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு கார்டின் அமைப்புகளை மாற்றும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் வெப்ப வரம்பைத் தூக்கி உச்சத்தில் வைத்திருக்கிறார். சூட்டை அளந்து குறித்துவைக்கும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளின் பதிவுக் கோப்பை முதலிலேயே ஓடவிட்டிருந்தேன். நாற்பத்து மூன்றாம் நிமிடம் திரை அணைந்தது, ஃபேன்கள் அலறின. திரும்ப ஆன் செய்து கோப்பின் கடைசி வரியைப் பார்த்தோம். சிப் 90, ஹாட் ஸ்பாட் (சிப்பிலேயே அதிகம் சுடும் இடம்) 106. வேகத்தைக் குறைத்துத் தப்பிக்கும் வழியை மூடிவிட்டதால், கார்டு அணைந்து தப்பித்திருக்கிறது என்றுதான் நான் படித்தேன். எஸ்.எம்.பி.எஸ்ஸின் 12 வோல்ட் லைன் லோடிலும் 11.9 காட்டியதால் அதன் மேல் சந்தேகம் வைக்கவில்லை.

அடுத்த கேள்வி, 38 டிகிரி அறையில் 47 டிகிரிக் காற்று எங்கிருந்து வந்தது?

"அம்மா, ஒரு ஊதுபத்தி கொடுங்களேன்" என்று கீழே கேட்டேன். பற்றவைத்து கேபினெட்டின் பின்பக்க ஃபேனுக்குப் பக்கத்தில் பிடித்தேன். புகை பலகையில் போய் முட்டியது. முட்டி, கீழே இறங்கி, கேபினெட்டின் அடியில் தவழ்ந்து முன்னால் வந்து, கண்ணாடி ஓரத்து இடுக்கு வழியாக உள்ளே நுழைந்தது. தம்பி குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கவாட்டுக் கண்ணாடி வழியாக, ஊதா விளக்கு வெளிச்சத்தில், அந்தப் புகை கார்டின் ஃபேனுக்குள் போவது நூல் மாதிரி தெளிவாகத் தெரிந்தது. விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது கம்ப்யூட்டர்.

இந்த கம்ப்யூட்டர் ரெண்டர் செய்யும்போது மொத்தமாக 280 வாட் இழுக்கிறது. இழுக்கும் கரண்ட் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் உடம்பு ஏறக்குறைய 100 வாட் சூட்டை விடும். அந்தச் சின்ன அறையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பேர் கூடவே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். 280 வாட்டை, காற்று 10 டிகிரிக்கு மேல் ஏறாமல் வெளியே கொண்டுபோக நொடிக்கு சுமார் 25 லிட்டர் புதுக் காற்று வேண்டும். ஒவ்வொரு நொடியும் ஒரு தண்ணீர் கேனைவிடக் கூடுதல். அதில் பாதிதான் கிடைத்தது என்றால் காற்று 20 டிகிரி ஏறும். விரல் நுழையாத இடுக்கும், பின்னால் பலகையும் வைத்துக்கொண்டு அந்த அளவை எதிர்பார்க்க முடியாது.

அவர் ஏற்கெனவே முயன்றவை

பக்கக் கண்ணாடியைக் கழற்றி டேபிள் ஃபேன் வைத்துப் பார்த்திருக்கிறார். சூடு உடனே இறங்கும். ஆனால் நம் ஊரில் திறந்து கிடக்கும் கம்ப்யூட்டருக்குள் எறும்பு வரும், பல்லி வரும். எஸ்.எம்.பி.எஸ்ஸில் பல்லி விழுந்து ஷார்ட் ஆன மெஷின்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். காற்றுத் துளையில் குளவி மண்கூடு கட்டியதையும் சுரண்டி எடுத்திருக்கிறேன்.

ஏர் கூலரும் வாங்கியிருக்கிறார். சாத்திய அறையில் அதை ஓட்டினால் முதல் அரை மணி குளுமை, பிறகு ஈரம்தான் ஏறும். காற்றில் ஈரம் நிறைந்துவிட்டால் தண்ணீர் ஆவியாவது குறையும், குளிர்ச்சியும் அதோடு நின்றுவிடும். ஜன்னலைத் திறந்து வைத்தால்தான் கூலர் கூலராக வேலை செய்யும். அதை கம்ப்யூட்டரைப் பார்த்துத் திருப்பி வைப்பதை நான் எப்போதும் தடுப்பேன். போர் தண்ணீரின் உப்பு துளியாகப் பறந்து வந்து போர்டில் வெள்ளைப் படிவமாக உட்காரும். (உப்பைப் பற்றிப் பேசும்போது, நாகப்பட்டினம், வேளாங்கண்ணிக் கரையோரத்திலிருந்து வரும் கார்டுகளைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஸ்க்ரூ துருப்பிடித்து, செம்புக் குழாயில் பச்சை பூத்து வரும். அவற்றுக்குத் தூசியைவிடக் கடல் காற்றுதான் பகை.)

வாட்டர் கூலிங் போடலாமா என்றும் கேட்டார். தண்ணீர் சூட்டை சிப்பிலிருந்து ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும், அவ்வளவுதான். ரேடியேட்டர் ஆறுவது அதே அறையின் அதே 38 டிகிரிக் காற்றில். அந்தப் பணத்துக்கு இங்கே பலன் கிடையாது.

செய்த மாற்றங்கள்

முதலில் டேபிளிலிருந்து கேபினெட்டை வெளியே எடுத்தோம். காசு செலவில்லாத இந்த ஒரு வேலைக்கு கார்டின் காற்று 47-இலிருந்து 42-க்கு வந்தது. கார்டு 85. அணையவில்லை என்றாலும் எனக்கு நிம்மதி இல்லை.

அடுத்து மின்னழுத்தம். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது, ஏனென்றால் சூட்டை வெளியேற்றுவதற்குப் பதிலாகப் பிறக்கவே விடாமல் செய்கிறோம். சிப் செலவழிக்கும் மின்சாரத்தில் பெரும்பங்கு வோல்ட்டின் வர்க்கத்தோடு ஏறும். வோல்ட் கொஞ்சம் குறைந்தால் வாட் நிறையக் குறையும். இவருடைய கார்டு லோடில் 1.06 வோல்ட்டில் 1900 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஆஃப்டர்பர்னரில் வோல்ட்டுக்கும் வேகத்துக்குமான வளைகோட்டைத் திறந்து 0.875 வோல்ட்டில் 1800 மெகாஹெர்ட்ஸில் நிறுத்தினேன். 168 வாட் இழுத்தது 128-க்கு வந்தது. 41 நிமிடம் எடுத்த ரெண்டர் இப்போது 42 நிமிடம். ஒவ்வொரு சிப்பும் ஒவ்வொரு மாதிரி என்பதால் இந்த எண்களை அப்படியே காப்பி அடிக்கக் கூடாது. படிப்படியாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் முழு ரெண்டர் ஒன்று ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் பவர் லிமிட்டை (கார்டு இழுக்கும் வாட்டின் உச்சவரம்பை) 75 சதவீதத்துக்கு இழுத்துவிட்டாலே முக்கால்வாசிப் பலன் கிடைத்துவிடும். வெப்ப வரம்பைப் பழையபடி 83-க்கே இறக்கினேன். அது கார்டின் காவல், அதில் கை வைக்கக் கூடாது.

இன்னொரு சின்ன விஷயம். இந்தக் கால கார்டுகள் பல, ஐம்பது டிகிரிவாக்கில் போகும்வரை ஃபேனைச் சுற்றவே விடாது. குளிர்ந்த ஊர்களுக்கு அது நல்ல ஏற்பாடு. நம் மே மாதத்தில் சும்மா இருக்கும்போதே கார்டு அந்த எல்லையில்தான் நிற்கும். ஃபேன் சுற்றும், நிற்கும், சுற்றும், நிற்கும், நாள் முழுக்க. 35 சதவீதத்தில் நிற்காமல் ஓடும்படி வைத்துவிட்டேன்.

முன்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அலுமினியச் சட்டத்தில் கொசுவலை அடித்து, காந்தத்தால் ஒட்டுகிற மாதிரி உள்ளூர் ஆசாரி ஒருவர் செய்து கொடுத்தார். வலை காற்றைக் கொஞ்சம் தடுக்கத்தான் செய்யும். ஆனால் விரல் நுழையாத இடுக்குக்கும் ஒரு முழப் பரப்புக்கும் ஒப்பே இல்லை. முன்னால் ரெண்டு ஃபேன் இழுக்க, பின்னால் ஒன்று தள்ள. உள்ளே வருவது வெளியே போவதைவிடக் கூடுதலாக இருந்தால், மூட்டு மூட்டாக இருக்கும் மற்ற இடுக்குகள் வழியாகத் தூசி உள்ளே நுழையாது. வருகிற காற்றெல்லாம் வலை வழியாகத்தான் வரும்.

இவ்வளவும் செய்து மேல் அறையிலேயே ஓட்டினால் கார்டு 75.

இந்த நேரத்தில்தான் காபி கொண்டுவந்த அவருடைய அம்மா, அறைக்குள் ரெண்டு நிமிடம் நின்றுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எதுக்குப்பா இங்க கெடந்து வேகுறீங்க? கீழ ரேழியில வச்சா ஆகாதா? பகல் பூரா காத்து வருதே" என்றார்.

தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு கீழே போனேன். வாசல் திண்ணைக்கும் முற்றத்துக்கும் நடுவே இருக்கும் ரேழி. மேலே காங்கிரீட் தளம் இருந்தாலும் அதற்கு மேல் அந்த அறையே குடை மாதிரி நிற்கிறது, வெயில் நேராகப் படுவதில்லை. கனத்த சுவர். முற்றத்துச் சூடு மேலே எழும்ப, தெருப்பக்கத்துக் காற்று ரேழி வழியாக உள்ளே இழுபடுகிறது. மணி நாலு. மேலே இன்னும் 38. ரேழியில் 34.

நான்கு டிகிரி. பேஸ்ட் மாற்றியும் ஃபேன் மாற்றியும் நாங்கள் ஒவ்வொரு டிகிரியாகப் பிடித்துக்கொண்டிருந்தபோது, படி இறங்கினாலே நாலு டிகிரி காத்துக்கொண்டிருந்தது. காரை வீட்டின் மாடி அறை ராத்திரியிலும் தப்பவில்லை. பகல் முழுக்க வெயில் குடித்த தளம் இரவு பத்து மணிவரை அதை உள்ளே கக்கும். அதனால் ராத்திரி ரெண்டர் போட்டும் அவருக்குப் பலன் இல்லாமல் இருந்தது.

மறுநாளே மேஜையைக் கீழே இறக்கிவிட்டார். மதியம் மூன்று மணிக்கு, முழு லோடில், ஃபேன் 60 சதவீதத்தில், கார்டு 70, ஹாட் ஸ்பாட் 81. ஃபேன் சத்தம் குறைந்ததில் ஒலிப்பதிவு எடிட் செய்வதும் எளிதாகிவிட்டது என்றார். ஃபேன், வலை, பேஸ்ட், ஆசாரி கூலி எல்லாம் சேர்த்து செலவு ரெண்டாயிரத்துச் சொச்சம். ஏழு கல்யாணமும் வைகாசிக்குள் போய்ச் சேர்ந்தன.

புது கார்டு வாங்கப் போகிற டெல்டாக்காரர்களிடம் நான் இப்போது முதலில் வாட்டைப் பற்றித்தான் பேசுகிறேன். என்விடியாவின் கார்டுகளையே எடுத்துக்கொண்டால், 2007-இல் வந்த 8800 ஜிடி 105 வாட். 2022-இன் 4090 450 வாட், 2025-இன் 5090 575 வாட். எல்லாக் கார்டும் இப்படி ஏறிக்கொண்டே போகவில்லை. 2023-இல் வந்த 4060 வெறும் 115 வாட், 3060-ஐவிடக் குறைவு. ஏசி இல்லாத அறையில் வேலை செய்கிறவருக்கு இந்த எண் விலைக்கு நிகரான எண். அதன் பிறகு அறை எது, எந்தத் திசை, மேலே என்ன கூரை என்று கேட்கிறேன். சூடு புகார் என்றால் கடைக்குக் கொண்டுவரச் சொல்வதற்கு முன், கம்ப்யூட்டர் இருக்கும் இடத்தை மதியம் மூன்று மணிக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

வலையை மாதம் ஒரு முறை கழற்றிக் கழுவச் சொல்லியிருந்தேன். ஆடி, ஆவணி, ஐப்பசி மழை எல்லாம் அந்தக் கணக்கில் சரியாகத்தான் போயின. தையில் கொள்முதல் நிலையம் திறந்து நெல் தூற்ற ஆரம்பித்த பத்தாம் நாள், அவரே கார்டு சூட்டைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். குளிர்காலத்திலேயே 72 காட்டுகிறது என்றார். வலையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடிக்கச் சொன்னேன். "ஒரு ஓட்டை கூடத் தெரியலண்ணே, பாய் மாதிரி இருக்கு." கழுவிக் காயவைத்து மாட்டியதும் 63-க்கு வந்தது. பங்குனியில் கடைசி மூட்டை லாரி ஏறும்வரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வலையைக் கழுவுவது என்று முடிவாயிற்று. வீடு மெழுகுகிற அன்றே அதையும் சேர்த்துக் கழுவிவிடுகிறேன் என்று அம்மா சொல்லிவிட்டார்.